மேக்புக் ஏர் 13 (2013–2017): உள்ளே எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கரிசல்காடு:
2017 மேக்புக் ஏர், ஐ5, 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி, மேக்ஓஎஸ் மாண்டரே ஓடுகிறது. இடம் 6 ஜிபிதான் மிச்சம். பேட்டரி சார்ஜ் சைக்கிள் 912, ‘சர்வீஸ் ரெக்கமண்டட்’ என்று காட்டுகிறது. ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, முடிந்தால் திரை எல்லாம் மாற்ற முடியுமா? கடையில் கேட்டால் “இதுல எதையுமே மாத்த முடியாது சார்” என்கிறார்கள்.

திருப்புளி:
கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. ராம் சில்லுகள் போர்டிலேயே சால்டர் செய்தவை. ப்ராசஸரும் அப்படித்தான். திரை 1440x900 டிஎன் பேனல், மூடியோடு சேர்த்து ஒட்டியது, அதை மறந்துவிடுங்கள். கழற்றி மாட்டக்கூடியவை எஸ்எஸ்டி, பேட்டரி, ஃபேன், வைஃபை கார்டு. போட்ட காசுக்குப் பலன் தெரிவது முதல் இரண்டில்தான்.

எதை வாங்குவதற்கு முன்பும் மாடலை உறுதி செய்யுங்கள். அடிமூடியில் ஏ1466 என்று இருப்பது போதாது. 2012 முதல் 2017 வரை வந்த எல்லா 13 அங்குல ஏரிலும் அதே எண்தான். பக்கத்தில் பொடி எழுத்தில் இஎம்சி எண் இருக்கும், அதைப் பாருங்கள். 2559 என்றால் 2012. 2632 என்றால் 2013 அல்லது 2014. 2925 என்றால் 2015. 3178 என்றால் 2017. இதில் 2012 தனி ஜாதி: அதன் எஸ்எஸ்டி சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு) வகை, கனெக்டரே வேறு. இந்த இழையில் எஸ்எஸ்டி பற்றி வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

2013 முதல் வந்தவற்றில் ஆப்பிளின் சொந்த கனெக்டர், 12+16 பின். கடையில் கிடைக்கும் எம்.2 என்விஎம்இ (பிசிஐஇ வழியே பேசும் வேகமான வகை) எஸ்எஸ்டி நேராகப் போகாது, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். அதில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று கட்டை விரல் நகம் அளவுக்குச் சின்னது, கனெக்டர் முனையில் மட்டும் உட்காரும். இன்னொன்று எஸ்எஸ்டியின் முழு நீளத்துக்கும் அடியில் ஓடும் நீளப் பலகை. சின்னதை வாங்குங்கள். அதோடு 2280 அளவு (22 மிமீ அகலம், 80 மிமீ நீளம்) எஸ்எஸ்டி சேர்ந்தால் ஆப்பிள் எஸ்எஸ்டியின் நீளம் சரியாக வந்துவிடும், பழைய ஸ்க்ரூவே அதன் ஓட்டையில் விழும். நீளப் பலகையில் தடிமன் கூடுகிறது, கூடுதலாக ஒரு தொடுப்பு வேறு. தூங்கி எழும்போது தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் அவைதான்.

எம்.2 என்ற பெயரைப் பார்த்துச் சாட்டா வகை எஸ்எஸ்டியை வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் அநேகமாகச் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் என்விஎம்இ. சில விலை மலிந்த என்விஎம்இ-யிலும் இரண்டு வெட்டு உண்டு என்பதால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

ஏழரை:
போடுவதுதான் போடுகிறோம், ஜென் 4 (பிசிஐஇ நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டியே போட்டுவிடலாமே? விநாடிக்கு 7000 எம்பி வேகம் என்கிறான்.

திருப்புளி:
எதற்கு? 2017 ஏரின் எஸ்எஸ்டி ஸ்லாட் பிசிஐஇ 2.0, நான்கு லேன். ஒரு லேனுக்கு 500 எம்பி, ஆக ஏட்டில் 2000. கையில் வருவது 1400 முதல் 1500 வரை. 3500 போட்டாலும் 7000 போட்டாலும் அதே 1500தான். வேகமான எஸ்எஸ்டி சும்மா இருக்கும்போதே அதிக மின்சாரம் குடிக்கும், சூடாகும். ஏர் உள்ளே எஸ்எஸ்டிக்குக் காற்றோட்டம் என்று ஒன்றும் இல்லை. அடிமூடியின் அலுமினியம்தான் அதற்கு ஹீட்சிங்க். ஜென் 3 போதும், அதிலும் ஒரே பக்கம் சில்லு உள்ளதாகப் பாருங்கள். டபிள்யூடி புளூ எஸ்என்550, எஸ்என்570 மாதிரி குளிர்ச்சியான ஆசாமிகள் இதற்குப் பொருத்தம்.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப்பில் இருந்து கழற்றி விற்கும் சாம்சங் பிஎம்981 மேக்ஓஎஸ்ஸோடு ஒத்துப்போகாது, கர்னல் பேனிக்தான், அதாவது சிஸ்டமே விழுந்துவிடும். 970 ஈவோ பிளஸ் கையில் இருந்தால் அதன் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்த மென்பொருள்) 2பி2க்யூஇஎக்ஸ்எம்7 ஆக இருக்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் முதலில் ஒரு விண்டோஸ் கணினியில் அப்டேட் செய்துவிட்டு மாட்டுங்கள்.

பழைய இரும்பு:
அடாப்டர் வேலையே எனக்குப் பிடிக்காது என்பதைப் பதிவு செய்கிறேன். ஆப்பிளின் சொந்த எஸ்எஸ்டியே கழற்றிய சரக்காக 256, 512 ஜிபியில் கிடைக்கிறது. 2015 மேக்புக் ப்ரோவில் வந்த எஸ்எஸ்யூபிஎக்ஸ் வகை அப்படியே உட்காரும். அது ஏஹெச்சிஐ (என்விஎம்இக்கு முந்தைய முறை) என்பதால் ஃபர்ம்வேர் கவலை, தூக்கக் கவலை எதுவும் இல்லை. டேப் ஒட்டத் தேவையில்லை.

திருப்புளி:
மறுக்கவில்லை. 2013, 2014 மாடல் வைத்திருப்பவருக்கு நான் சொல்வதும் அதுதான். ஆனால் கழற்றிய சரக்கு எவ்வளவு எழுதித் தீர்த்தது என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. விற்பவரிடம் ஸ்மார்ட் (எஸ்எஸ்டியின் உடல்நிலை) அறிக்கையின் படம் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள். 2017க்குப் புது என்விஎம்இ, புது வாரண்டி நல்லது. 1 டிபி வேண்டும் என்றால் ஆப்பிள் சரக்கு விலை தாங்காது.

கரிசல்காடு:
புரிந்தது. என்விஎம்இ 500 ஜிபி, சின்ன அடாப்டர். கழற்றும் முறை?

திருப்புளி:
ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது.

முதலாவது, டைம் மெஷின் பேக்கப். பழைய எஸ்எஸ்டியைக் கழற்றிய பிறகு ‘வெளியே ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் படித்துக்கொள்ளலாம்’ என்று நினைக்க வேண்டாம். சாதாரண என்விஎம்இ பெட்டியில் அது நுழையாது, ஆப்பிள் கனெக்டருக்கென்று தனிப் பெட்டி வேண்டும்.

இரண்டாவது, ஃபர்ம்வேர். என்விஎம்இ எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக இந்த மெஷின்களுக்குக் குறைந்தது ஹை சியரா (2017இல் வந்த மேக்ஓஎஸ்) காலத்து பூட் ரோம், அதாவது மெஷினைத் தொடங்கிவைக்கும் சில்லிலுள்ள ஃபர்ம்வேர், தேவை. அந்த ஃபர்ம்வேர் மேக்ஓஎஸ் நிறுவும்போது கூடவே வரும், ஆப்பிள் எஸ்எஸ்டி உள்ளே இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே மாண்டரே, ஆகவே கவலையில்லை. யோசெமிட்டி என்ற பழைய மேக்ஓஎஸ்ஸோடு பெட்டியில் தூங்கும் மெஷினை எடுத்து நேராக எஸ்எஸ்டி மாற்றுகிறவர்கள்தான் ‘கேள்விக்குறி போட்ட ஃபோல்டர்’ என்று வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, 16 ஜிபி பென்டிரைவில் மாண்டரே இன்ஸ்டாலர் தயார் செய்து, ஆப்ஷன் விசையைப் பிடித்து அதிலிருந்து பூட் ஆகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேட்டரியைக் கால்வாசிக்குக் கீழே இறக்கிவிட்டு ஷட்டவுன்.

கருவி இரண்டுதான்: பி5 பென்டாலோப், டி5 டார்க்ஸ். பி5 ஐந்து இதழ் பூ மாதிரி இருக்கும். டார்க்ஸை வைத்து அழுத்தித் திருப்பினால் ஸ்க்ரூ தலை மழுங்கிவிடும், அப்புறம் டிரில்தான்.

அடிமூடியில் பத்து ஸ்க்ரூ. திரைக்கீல் பக்கம் நடுவில் உள்ள இரண்டு மட்டும் 9 மிமீ, மற்ற எட்டும் 2.6 மிமீ. ஒரு தாளில் மூடியின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். கீல் பக்கத்திலிருந்து விரல் கொடுத்துத் தூக்கினால் மூடி வந்துவிடும், அதோடு இணைந்த கேபிள் எதுவும் இல்லை.

முதல் வேலை பேட்டரி கனெக்டர். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். அதை மேலே தூக்கக்கூடாது. அதன்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும்; அதைப் பிடித்து, போர்டுக்கு இணையாக, டிராக்பேட் பக்கமாக இழுக்க வேண்டும். நெம்பித் தூக்கினால் போர்டிலுள்ள சாக்கெட் பிய்ந்து வரும். அது நடந்தால் பேட்டரி மாற்றும் செலவு போர்டு செலவாகிவிடும்.

அடுத்து எஸ்எஸ்டியின் முனையில் ஒரே ஒரு டி5 ஸ்க்ரூ. அதை எடுத்ததும் எஸ்எஸ்டி லேசாக மேலெழும். ஒரு செ.மீ.க்கு மேல் தூக்காமல் நேராக வெளியே இழுங்கள்.

இப்போது அடாப்டர். எஸ்எஸ்டியோடு சேர்த்து மாட்டாதீர்கள். அடாப்டரை மட்டும் முதலில் ஸ்லாட்டில் செருகி, இரண்டு கட்டை விரலாலும் சமமாக உள்ளே தள்ளுங்கள். ‘உள்ளே போய்விட்டது’ என்று தோன்றும், ஆனால் இன்னும் ஒரு மிமீ பாக்கி இருக்கும். எஸ்எஸ்டி தெரியவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஒரு மிமீதான். பிறகு எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து ஸ்க்ரூ போடுங்கள்.

மின்மினி:
டேப் விஷயம் விட்டுப்போச்சு அண்ணே.

திருப்புளி:
ஆமாம், நன்றி. அடாப்டரின் சால்டர் புள்ளிகள் சிலவற்றில் வெளியே தெரியும். ஸ்லாட்டின் உலோகக் கூடோ அடிமூடியோ அதன்மேல் படக்கூடாது. கேப்டான் டேப், அதாவது போன் சர்வீஸ் கடையில் கிடைக்கும் தேன் நிற டேப், ஒரு சுற்றுப் போதும். செல்லோ டேப், இன்சுலேஷன் டேப் வேண்டாம். சூட்டில் பசை உருகி ஸ்லாட்டுக்குள் இறங்கும். ஸ்லாட்டுக்குள் நுழையும் தங்கப் பற்களின் மேல் டேப் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு:
மாட்டியாயிற்று. பென்டிரைவில் பூட் ஆகிறது. ஆனால் டிஸ்க் யூட்டிலிட்டியில் புது எஸ்எஸ்டி தெரியவில்லை.

மின்மினி:
மேலே இடப்பக்கம் ‘வியூ’ என்று இருக்கும், அதில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ தேர்ந்தெடுங்கள். புது எஸ்எஸ்டியில் பார்ட்டிஷன் எதுவும் இல்லாததால் சாதாரணப் பட்டியலில் வராது. தெரிந்ததும் டிரைவையே தேர்ந்து, ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி பார்ட்டிஷன் மேப் வைத்து அழியுங்கள்.

பென்டிரைவ் இல்லாமல் இணையம் வழியே செய்கிறவர்கள் ஆப்ஷன்-கமாண்ட்-ஆர் அழுத்த வேண்டும். அது அந்த மாடலுக்கு ஏற்ற கடைசி மேக்ஓஎஸ்ஸைக் கொண்டுவரும். கூடவே ஷிஃப்டையும் சேர்த்தால் மெஷின் முதலில் எதோடு வந்ததோ அது வரும்; 2017க்கு அது சியரா. சியராவுக்கு ஆப்பிள் அல்லாத என்விஎம்இ தெரியாது. ‘எஸ்எஸ்டி டூப்ளிகேட்’ என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

கரிசல்காடு:
தெரிந்துவிட்டது, நன்றி. இப்போது இன்ஸ்டாலர் ‘சேதமடைந்துள்ளது’ என்கிறது. அதே பென்டிரைவ் காலையில் நன்றாக இருந்தது!

மின்மினி:
இன்ஸ்டாலருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த மெஷினில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி இல்லை. கனெக்டரைக் கழற்றியதும் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது, அதனால் கையொப்பச் சான்றிதழ் செல்லாது என்று நினைக்கிறது. யூட்டிலிட்டீஸ் மெனுவில் டெர்மினல் திறந்து ‘டேட்’ என்று அடித்தால் தெரியும். சரிசெய்ய, டேட் கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு மாதம், நாள், மணி, நிமிடம், வருடம் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கம். 2025 மார்ச் 15, காலை 10:30 என்றால் 0315103025.

பனங்கிழங்கு:
வணக்கம். இங்க யாழ்ப்பாணத்தில பாவிக்கிறது 2014 மொடல். இதே மாதிரி சின்ன அடாப்டர், என்விஎம்இ, பிக் சர் எல்லாம் போட்டாச்சு. பகல் முழுக்கப் பிரச்சினை இல்லை. மூடி வச்சு விடிய எழும்பித் திறந்தா கறுப்புத் திரைதான். பட்டனை அழுத்திப் பிடிச்சு நிப்பாட்டித்தான் திரும்பப் போட வேண்டியிருக்கு. எஸ்எஸ்டி பழுதோ?

திருப்புளி:
இல்லை, 2013-14 மாடலின் குணம் இது. மூடியை மூடியதும் மெஷின் முதலில் சாதாரணத் தூக்கத்துக்குப் போகும், ராம் உயிரோடு இருக்கும். சில மணி நேரம் கழித்து ‘ஸ்டாண்ட்பை’க்கு இறங்கும்: ராமில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும். மொஹாவேக்குப் பிறகு பேட்டரி பாதிக்கு மேல் இருந்தால் 24 மணி நேரத்தில், அதற்குக் கீழே என்றால் 3 மணி நேரத்தில். அதிலிருந்து எழும்போது எஸ்எஸ்டியைப் படிக்க வேண்டியது பூட் ரோமில் உள்ள என்விஎம்இ டிரைவர். 2013-14இல் அந்த டிரைவர் பழசு, அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2015, 2017இல் இது சரியாக வேலை செய்யும்.

தீர்வு, அந்தக் கட்டத்துக்கே போகவிடாமல் தடுப்பது. டெர்மினலில் சூடோ போட்டு, பிஎம்செட் கட்டளையை -ஏ உடன் கொடுத்து, ஹைபர்னேட்மோட், ஸ்டாண்ட்பை, ஆட்டோபவர்ஆஃப் மூன்றையும் 0 ஆக்குங்கள். பிஎம்செட் -ஜி கொடுத்தால் இப்போதைய மதிப்புகள் தெரியும். பெரிய மேக்ஓஎஸ் அப்டேட் வந்த பிறகு அதை மறுபடி பாருங்கள், பழையபடி 3க்குத் திரும்பியிருக்கலாம்.

இதற்கு விலை உண்டு. மூடிய மெஷின் ராமுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் சேமிக்காத வேலை போச்சு. இரண்டு நாள் தொடமாட்டீர்கள் என்றால் ஷட்டவுன் செய்யுங்கள். சிஹெச்341 ப்ரோகிராமர் (சில்லில் எழுதும் கருவி) வைத்து பூட் ரோம் சில்லில் 2015இன் டிரைவரை மாற்றி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மூலப் பிரதியை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடத் தெரியாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பனங்கிழங்கு:
சரி அண்ணை, மூண்டையும் 0 ஆக்கியாச்சு. மூலப் பிரதி விளையாட்டு நமக்கு வேண்டாம்.

பழைய இரும்பு:
நான் சொன்ன எஸ்எஸ்யூபிஎக்ஸ் போட்டிருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது. சரி, பேட்டரிக்கு வருவோம்.

2013 முதல் 2017 வரை பேட்டரி எண் ஏ1496: 7.6 வோல்ட், 54 வாட்-மணி, 7150 எம்ஏஹெச். 2012இன் ஏ1405ஐக் காட்டி ‘இதுவும் போகும்’ என்று சொன்னால் வாங்காதீர்கள், வோல்ட்டே வேறு. ஆப்பிள் சொல்லும் ஆயுள் 1000 சைக்கிள், ஆகவே 912இல் சர்வீஸ் கேட்பது நியாயம்தான்.

ஐந்து டி5 ஸ்க்ரூ, மூன்று வெவ்வேறு நீளங்களில். இடம் மாற்றிப் போட்டால் நீளமானது மேல்பக்கக் கீபோர்டு தகட்டில் போய் முட்டும். ப்ரோ மாதிரி இதில் பசை கிடையாது, ஸ்க்ரூவை எடுத்தால் சட்டத்தோடு சேர்ந்து முழுசாக வந்துவிடும். ஏரின் மிகப் பெரிய நல்ல குணம் இது.

உப்பிய பேட்டரியா என்று கழற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். டிராக்பேட் கிளிக் கல்லாக இருக்கும், அல்லது மேசையில் வைத்தால் நாலு காலும் பதியாமல் ஆடும். அப்படியென்றால் உலோகத்தால் நெம்பக்கூடாது. கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

வாங்கியதும் மூடியைப் போடுவதற்கு முன், சிஸ்டம் ரிப்போர்ட்டில் ‘பவர்’ பகுதியைப் பாருங்கள். புதுசு என்றால் சைக்கிள் 0 அல்லது ஒற்றை இலக்கம், முழுக் கொள்ளளவு 7000 எம்ஏஹெச்சை ஒட்டி இருக்க வேண்டும். ‘8800 எம்ஏஹெச் ஹை கெப்பாசிட்டி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அதே அளவுக் கூட்டுக்குள் அவ்வளவு அடைக்க வழியில்லை.

ஏழரை:
பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓட்டினால் என்ன? மேசையில்தானே இருக்கிறது.

பழைய இரும்பு:
ஓடும், நொண்டி நொண்டி. திடீரென்று அதிக மின்சாரம் தேவைப்படும்போது சார்ஜருக்குத் துணை பேட்டரிதான். அது இல்லை என்றால் மெஷின் ப்ராசஸரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது பேட்டரி போட்ட பிறகும் மெஷின் ஆமையாக நகர்ந்து, பேட்டரி படத்தில் பெருக்கல் குறி இருந்தால், கனெக்டர் முழுக்க உட்காரவில்லை என்று பொருள். ‘டி’ விசையைப் பிடித்து ஆன் செய்தால் ஆப்பிள் டயக்னாஸ்டிக்ஸ் வரும். பிபிடி001 என்றால் பேட்டரியே தெரியவில்லை, பிபிடி004 என்றால் பேட்டரிக்கு சர்வீஸ் தேவை, பிபிஎஃப் என்று தொடங்கினால் ஃபேன். உட்காரவைத்த பிறகும் குழப்பம் தொடர்ந்தால் எஸ்எம்சி (பவர், ஃபேனைக் கவனிக்கும் சில்லு) ரீசெட்: ஷட்டவுன் செய்து, இடப்பக்க ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆப்ஷன் மூன்றோடு பவர் பட்டனையும் 10 விநாடி பிடித்து விடுங்கள்.

மின்மினி:
திறந்ததுதான் திறந்தீர்கள், ஃபேனையும் பாருங்கள். நம்மூர்த் தூசி ஹீட்சிங்க் முனையில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேனைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். சுழலவிட்டு ப்ளோயர் அடித்தால் பேரிங் போய்விடும். தெர்மல் பேஸ்ட்டும் மாற்றலாம் என்பது என் கட்சி.

திருப்புளி:
தூசிக்கு நானும் ஓட்டு. பேஸ்ட்டுக்கு இல்லை, காரணம் இல்லாமல். இது 15 வாட் ப்ராசஸர். தூசி எடுத்த பிறகும் சும்மா இருக்கும்போதே ஃபேன் கத்தினால் மட்டும் அதைத் தொடுங்கள். ஹீட்சிங்கில் நாலு டி5 ஸ்க்ரூ. குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ப்ராசஸருக்கு உலோக மூடி இல்லை, சிலிக்கான் திறந்தே கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏறினால் மூலை உடையும். அரிசி மணியில் பாதி பேஸ்ட் போதும்.

ஏழரை:
4 ஜிபி ராம் உள்ள 2015 ஒன்று இருக்கிறது. ராமை 8 ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

திருப்புளி:
முடியும், ஆனால் அது வேறு விளையாட்டு. பிஜிஏ (அடியில் சால்டர் உருண்டைகள் உள்ள) சில்லுகளைச் சூடாக்கி எடுத்து, புதுசு வைத்து, எவ்வளவு ராம் என்று போர்டுக்குச் சொல்லும் பொடி ரெசிஸ்டர்களையும் மாற்ற வேண்டும். அந்தக் கூலிக்கு 8 ஜிபி உள்ள பழைய ஏர் போர்டே கிடைக்கக்கூடும். 4 ஜிபியில் மேக்ஓஎஸ் ஓட்டினால் எஸ்எஸ்டி ஸ்வாப்பிலேயே (ராம் போதாமல் எஸ்எஸ்டியில் எழுதுவது) தேயும். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான பதிப்பு) போடுங்கள்.

மின்மினி:
மின்ட் போடும்போது வைஃபை தெரியாது, பயப்பட வேண்டாம். பிராட்காம் பிசிஎம்4360 கார்டுக்கு டிரைவர் தனியாக வர வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் பிராட்காமைத் தேர்ந்தால் முடிந்தது. ஃபேனைக் கட்டுப்படுத்த எம்பிபிஃபேன் என்ற நிரல். மூடியதும் உடனே எழுந்துகொண்டால் ப்ராக்-ஏசிபிஐ-வேக்கப் பட்டியலில் எக்ஸ்ஹெச்சி1ஐ (யுஎஸ்பி எழுப்புவது) அணையுங்கள்.

8 ஜிபி இருப்பவர்கள் மாண்டரேக்கு மேலே போக ஓபன்கோர் லெகசி பேட்சர் (ஆப்பிள் கைவிட்ட மேக்கில் புது மேக்ஓஎஸ் ஏற்றும் கருவி) இருக்கிறது. வென்ச்சுராவிலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரை அது ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டுகிறது, சோனோமாவில் வைஃபையையும். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அந்த ஒட்டு போய்விடும், மறுபடி போட வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் போங்கள்.

கரிசல்காடு:
மாண்டரே ஏறிவிட்டது, டைம் மெஷினிலிருந்து எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எழுதும் வேகம் 1380, படிப்பது 1460. பேட்டரி ஆர்டர் போட்டிருக்கிறேன். பழைய 128 ஜிபியை விற்றுவிடலாமா?

பழைய இரும்பு:
விற்காதீர்கள். விலையும் பெரிதாக வராது. பிற்பாடு பூட் ரோம் அப்டேட் ஏதாவது செய்ய வேண்டி வந்தால் ஆப்பிள் எஸ்எஸ்டி உள்ளே இருந்தால்தான் நடக்கும். ஆன்டிஸ்டேடிக் உறையில் போட்டு, மேலே ‘2017 ஏர், மாண்டரே உள்ளது’ என்று எழுதி, அந்த பி5 திருப்புளியையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.

திருப்புளி:
பேட்டரி வருகிறவரை மூடியில் நாலு மூலை ஸ்க்ரூ மட்டும் போடுங்கள். பத்தையும் முறுக்கி மறுபடி கழற்றினால் பி5 தலை தேயும். கடைசியாகப் போடும்போது பத்தையும் தளர்வாக உட்காரவைத்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். 9 மிமீ இரண்டும் கீல் பக்கம்.